லேப்டாப்புக்குப் புது டிஸ்க்: வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க

1.
லேப்டாப்பை ஆன் பண்ணிட்டு, போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா? "இது பழசாயிட்டு, புதுசு வாங்கிருங்க"ன்னு கடையில சொல்லிட்டாங்களா? கொஞ்சம் பொறுங்க. பல நேரத்துல லேப்டாப்புக்கு வயசாகி இருக்காது. உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் வயசாகி இருக்கும். அதை மட்டும் மாத்தலாம். எதை வாங்கணும், எதை வாங்கக்கூடாது, மாத்துறதுக்கு முன்னாடி என்ன செய்யணும் என்பதை எனக்குத் தெரிஞ்ச அளவு எழுதுறேன். நீளமான இழை. சேமிச்சு வச்சு நிதானமா படிங்க.

2.
"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

குமரி மாவட்டக் கடலோரத்துல கிளினிக். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விசைப்படகுத் தொழிலாளி ஒருத்தர் பி.பி. மாத்திரை வாங்க வந்தார். வயசு 58. திங்கட்கிழமை ஆழ்கடலுக்குப் போறார், கரை திரும்ப ஒரு மாசம் ஆகும். நெஞ்சுவலி, மூச்சுமுட்டல் எதுவும் இல்ல. கடலுக்குப் போற ஆளாச்சேன்னு ஈ.சி.ஜி எடுத்தோம். இதயத்தோட இடது பக்கம் மின்சாரம் போற பாதையில தடை. எல்.பி.பி.பி-ன்னு சொல்லுவோம்.

இப்போ ஒரே கேள்விதான்: இது புதுசா, பழசா? புதுசுன்னா அவர் கடலுக்குப் போகக்கூடாது, அன்னைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பணும். பழசு, ஏற்கெனவே எக்கோ பாத்தாச்சுன்னா மருந்தும் எச்சரிக்கையும் கொடுத்து அனுப்பலாம்.

3.
பழைய ஈ.சி.ஜி தாள் அவர்கிட்ட இருந்தது. ஆனா ஈ.சி.ஜி எடுக்கிற வெப்பத்தாள் நாளாக நாளாக வெளுத்துரும். அதுல பேரு கூடத் தெரியல. ஸ்கேன் பண்ணின காப்பி கிளினிக் லேப்டாப்பில் இருக்கு. லேப்டாப்பைத் திறந்தா உள்ள இருந்து "டக்... டக்..."ன்னு சத்தம். திரை கருப்பு. இன்னொரு காப்பி இருக்கு, ஆனா அது 20 கிலோமீட்டர் தள்ளி வீட்ல.

"டாக்டரே, பெட்டி படுத்துட்டா?"ன்னு அவரே கேட்டார்.

மூணாவது தடவை ஆன் பண்ணினப்போ எழும்பிச்சு. அதே எல்.பி.பி.பி, 2021-லயே இருந்திருக்கு. கூடவே எக்கோ ரிப்போர்ட்டும் இருந்தது. மனுஷன் நிம்மதியா கிளம்பினார். ஒரு மாச வருமானம், ஒரு குடும்பத்தோட சாப்பாடு, ஒரு உயிர். அத்தனையும் உள்ளங்கை அளவு தகட்டை நம்பி கால் மணி நேரம் நின்னுச்சு. அந்த வாரமே புது டிஸ்க் தேட ஆரம்பிச்சேன். உங்க லேப்டாப்பில் ஈ.சி.ஜி இருக்காது. குழந்தையோட முதல் வருஷ போட்டோ இருக்கும், பத்திர நகல் இருக்கும், பிள்ளையோட ப்ராஜெக்ட் இருக்கும். விஷயம் ஒண்ணுதான்.

4.
முதல்ல, ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவா இருக்கு?

உள்ள ஒரு தகடு சுத்துது. சாதாரண லேப்டாப் டிஸ்க்கில் நிமிஷத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. அந்தத் தகட்டுக்கு மேல சில நானோமீட்டர் இடைவெளியில ஒரு ஊசிமுனை மாதிரி தலை பறந்து பறந்து படிக்குது. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேக்கும். ஒவ்வொண்ணுக்கும் அந்தத் தலை ஓடணும், தகடு சுத்தி வரணும். நொடிக்கு 100 தடவை போல ஓடினா அதுவே பெரிசு.

மெடிக்கல் ஷாப்பில் ஒரே ஒரு பையன் நின்னு நூறு பேருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி. எஸ்.எஸ்.டி-யில ஓடுற பாகமே கிடையாது, எல்லாம் சிப். நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும். அதனாலதான் பழைய லேப்டாப்பில் டிஸ்க்கை மட்டும் மாத்தினாலே புது மெஷின் மாதிரி ஆகுது.

5.
நோய் டிஸ்க்கில்தானா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டாஸ்க் மேனேஜரைத் திறங்க. ஒண்ணும் செய்யாம இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதம் காட்டிக்கிட்டே இருந்தா சந்தேகம் டிஸ்க் மேலதான். மெமரி 90-ஐத் தாண்டி நின்னா ராம் பத்தல. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

அடுத்து, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள். டிஸ்க் தன் உடம்பைப் பத்தித் தானே எழுதி வைக்கிற ரிப்போர்ட்டை, ஸ்மார்ட் ரிப்போர்ட்டை, இது காட்டும். மூணு வரி பாருங்க: 05, சி5, சி6. இந்த மூணுலயும் கடைசி எண் பூஜ்யமா இருக்கணும். சி5 ஏறிக்கிட்டே போனா, படிக்க முடியாத இடங்கள் கூடுதுன்னு அர்த்தம். கிரியாட்டினின் ஏறுற மாதிரி வச்சுக்கோங்க.

6.
ஒரு எச்சரிக்கை. ரிப்போர்ட் நல்லா இருந்தா டிஸ்க் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல. கூகுள் தன்னோட ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை வச்சு 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒண்ணு கூடக் காட்டாமலே போயிருக்கு.

ஈ.சி.ஜி நார்மலா இருந்தும் மாரடைப்பு இருக்கலாம்னு நாங்க சொல்லுவோம்ல, அதேதான். ரிப்போர்ட் மோசம்னா உடனே மாத்துங்க. ரிப்போர்ட் நல்லா இருந்தாலும் காப்பி எடுங்க.

7.
கடைக்குப் போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய முதல் காரியம் காப்பி. ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் ஏற்பாடு பண்ற மாதிரி.

டிஸ்க் இன்னும் ஓடுதுன்னா, முக்கியமானதை முதல்ல எடுங்க. சினிமாவும் பாட்டும் கடைசியா போதும். டக் டக் சத்தம் கேக்குதா? டீஃப்ராக் பண்ணாதீங்க, டிஸ்க் செக் ஓட விடாதீங்க. சாகக் கிடக்கிற டிஸ்க்கை அந்த வேலையெல்லாம் இன்னும் அடிச்சுப் போடும். திரும்பத் திரும்ப ஆன் பண்ணியும் பாக்காதீங்க. அதில் உள்ளது உண்மையிலேயே விலைமதிப்பில்லாததுன்னா அணைச்சு வச்சிட்டு, டேட்டா மீட்பு செய்றவங்ககிட்ட கொடுங்க. ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா சரியாகும்னு ஒரு கை வைத்தியம் சுத்துது. வேண்டாம். வெளிய எடுத்ததும் ஈரம் படியும், நம்ம ஊர்க் காத்துக்குக் கேக்கவே வேண்டாம்.

8.
இப்போ வாங்குற விஷயம். முதல்ல பொருந்துதான்னு பாக்கணும். ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி குரூப் பாக்கிறோம்ல. பெட்டியில "லேப்டாப் எஸ்.எஸ்.டி"ன்னு எழுதியிருந்தா மட்டும் போதாது. மூணு வகை இருக்கு.

ஒண்ணு: 2.5 இஞ்ச் சாட்டா. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்துல உக்காரும். தடிமன் பாருங்க. பழையது 9.5 மில்லிமீட்டராவும் இருக்கலாம், 7 மில்லிமீட்டராவும் இருக்கலாம். எஸ்.எஸ்.டி பெரும்பாலும் 7. பெரிய இடத்துல சின்னது ஆடாம இருக்க ஒரு சட்டம் வைப்பாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு: எம்.2 சாட்டா. சூயிங் கம் வடிவத்துல சின்ன அட்டை.

மூணு: எம்.2 என்.வி.எம்.இ. பாக்க ரெண்டாவது மாதிரியே இருக்கும். ஆனா பேசுற பாஷை வேற.

9.
நிறைய பேர் ஏமாறுற இடம் இந்த ரெண்டும் மூணும்தான். ரெண்டுக்கும் 2280-ன்னு போட்டிருப்பாங்க. அது அளவு மட்டும்தான்: 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சாட்டா மட்டும் தெரிஞ்ச ஸ்லாட்டில் என்.வி.எம்.இ-யைச் செருகினா லேப்டாப்புக்கு அது கண்ணுலயே படாது. "புது டிஸ்க் கேடு"ன்னு கடைக்கும் வீட்டுக்கும் அலைவீங்க.

உங்க லேப்டாப்போட மாடல் எண்ணைப் பாருங்க, அடிப்பக்கம் ஸ்டிக்கர்ல இருக்கும். அந்த மாடலோட சர்வீஸ் கையேட்டை கம்பெனி தளத்துல தேடுங்க. எந்த ஸ்லாட், எந்த வகைன்னு அதுல எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க.

சாட்டாவோட உச்ச வேகம் நொடிக்கு 550 எம்.பி. பக்கம். சாதாரண என்.வி.எம்.இ கூட அதைப் போல பல மடங்கு. "அப்போ சாட்டா வேஸ்ட்டா?"ன்னு கேக்காதீங்க. ஹார்ட் டிஸ்க்கில் இருந்து சாட்டா எஸ்.எஸ்.டி-க்கு மாறும்போது கிடைக்கிற வித்தியாசம்தான் பெரிசு. அங்கிருந்து என்.வி.எம்.இ-க்குப் போறது அன்றாட வேலையில அந்த அளவு தெரியாது. உங்க லேப்டாப் சாட்டா மட்டும் ஏத்துக்கும்னா சந்தோஷமா சாட்டா வாங்குங்க.

10.
திரும்பவும் சுத்துற ஹார்ட் டிஸ்க்கே வாங்கலாமா? விண்டோஸ் ஓடுற டிஸ்க்குக்கு வேண்டாம். மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவிலுக்கு பைக்கில் லேப்டாப் பையை மாட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். நம்ம ரோட்டுல மனுஷனோட முதுகுத் தகடே தாங்க மாட்டேங்குது, டிஸ்க் தகடா தாங்கும்?

ஆனா காப்பி எடுத்து அலமாரியில வைக்க சுத்துற டிஸ்க் நல்லது. காரணம் பின்னாடி சொல்றேன்.

11.
எவ்வளவு பெருசு? இப்போ எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பாருங்க. அதைப் போல ரெண்டு மடங்கு வாங்கினா போதும். எஸ்.எஸ்.டி-யை விளிம்பு வரைக்கும் நிரப்பினா வேகம் குறையும், கொஞ்சம் காலி இடம் வேணும். பெரும்பாலான வீடுகளுக்கு 500 ஜி.பி. தாராளம். கிளினிக்குக்கு நான் வாங்கினதும் அதுதான்.

ஆயுள்? பெட்டியில டி.பி.டபிள்யூ-ன்னு ஒரு எண் இருக்கும், மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம்ங்கிற கணக்கு. நல்ல 500 ஜி.பி. டிஸ்க்கில் இது 300 இருக்கும். நீங்க தினமும் 20 ஜி.பி. எழுதினாலும் வருஷத்துக்கு 7.3 டெராபைட்தான். 300 தீர 40 வருஷம் ஆகும். "எஸ்.எஸ்.டி சீக்கிரம் தேஞ்சுரும்"ங்கிற பயத்தை இந்தக் கணக்கோட விட்டுருங்க.

டி.எல்.சி, க்யூ.எல்.சி-ன்னு ரெண்டு இருக்கும். ஒரு அறைக்குள்ள மூணு பிட் வைக்கிறது முதல் வகை, நாலு பிட் திணிக்கிறது ரெண்டாவது. விலை வித்தியாசம் கொஞ்சம்தான்னா டி.எல்.சி வாங்குங்க. வாரண்டி 5 வருஷமா, 3 வருஷமான்னு பாருங்க. கம்பெனிக்கே தன் பொருள் மேல எவ்வளவு நம்பிக்கைங்கிறது அந்த எண்ணுல தெரியும்.

12.
போலி! இதைக் கட்டாயம் படிங்க.

2 டெராபைட், 4 டெராபைட் எஸ்.எஸ்.டி சில நூறு ரூபாய்க்குன்னு விளம்பரம் வந்தா தொடாதீங்க. உள்ள சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவு காட்டுற மாதிரி ஏமாத்தி வச்சிருப்பாங்க. காப்பி பண்ணும்போது எல்லாம் ஏறுற மாதிரியே தெரியும். கொஞ்ச நாள் கழிச்சுத் திறந்தா பாதி ஃபைல் குப்பை. போலி மாத்திரை மாதிரி, சாப்பிடும்போது தெரியாது.

புது டிஸ்க் வந்ததும், டேட்டா ஏத்துறதுக்கு முன்னாடி எச்2டெஸ்ட்டபிள்யூ-ன்னு ஒரு இலவச மென்பொருளை ஓட விடுங்க. லினக்ஸ்ல எஃப்3. டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படிச்சு, சொன்ன அளவு உண்மையா இருக்கான்னு சொல்லிரும். அப்புறம் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்துல போட்டு வாரண்டி இருக்கான்னு பாருங்க. பில் இல்லாம வாங்காதீங்க.

விலை ஏறி இறங்கும், அதனால ரூபாய்க் கணக்கு எழுதல. 2011-ல் தாய்லாந்தில் பெரிய வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கினப்போ உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறிச்சு. எங்கேயோ பெய்ற மழை நம்ம வடசேரிக் கடை பில்லுல தெரியும். அதனால டிஸ்க் செத்த பிறகு அவசரத்துல வாங்காம, உயிரோட இருக்கும்போதே விலை பாத்து வாங்குறது லாபம்.

13.
ஒரு உதாரணம் சொல்றேன். எங்க சிஸ்டர் ஒருத்தரோட மகளுக்கு பிளஸ் டூ-வில் கொடுத்த அரசு லேப்டாப். 2011-ல் ஆரம்பிச்ச திட்டத்துல லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கிடைச்சது, நம்ம மாவட்டத்துல இன்னைக்கும் எத்தனையோ வீட்ல ஓடுது. அப்பா ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி. மழை மாசம் வேலை கிடையாது. கடையில "போர்டு போச்சு, புதுசுதான்"ன்னு சொல்லிட்டாங்க. அம்மா குழுவுல லோன் கேட்டாச்சு.

"சார், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன்"ன்னு சிஸ்டர் சொன்னாங்க. கொண்டுவரச் சொல்லிப் பாத்தேன். சி5 வரியில எண் நூறைத் தாண்டி நிக்குது. போர்டுக்கு ஒண்ணும் இல்ல. 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி ஒண்ணு, கூட 4 ஜி.பி. ராம் ஒண்ணு. புது லேப்டாப் விலையில சின்னப் பங்குதான் ஆச்சு. லோன் வேண்டாம்னு ஆயிட்டு. பிள்ளை அதுலதான் இப்போ ப்ராஜெக்ட் எழுதுறா.

ஒரு விஷயத்தையும் மறைக்காம சொன்னேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டோட வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிட்டு. அந்த லேப்டாப் விண்டோஸ் 11 ஏத்துக்காது. அதனால லினக்ஸ் போட்டோம். பிரவுசர், டைப்பிங், வீடியோ வகுப்புக்குத் தாராளம். உங்க வேலைக்கு விண்டோஸ்ல மட்டும் ஓடுற மென்பொருள் கட்டாயம்னா, அந்தப் பழைய மெஷினுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிங்க.

14.
மாத்துற நாள்.

பழைய டிஸ்க் ஆரோக்கியமா இருந்தா அப்படியே குளோன் பண்ணலாம். குளோன்சில்லா இலவசம். பழையது நோயாளின்னா குளோன் வேண்டாம், புதுசா ஓ.எஸ் போட்டு ஃபைல்களை மட்டும் கொண்டுவாங்க.

முக்கியம்: பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. பல புது லேப்டாப்பில் நமக்குத் தெரியாமலே ஆன்ல இருக்கும். அதோட மீட்புச் சாவி 48 இலக்க எண். அதைத் தாளில் எழுதி வைக்காம டிஸ்க்கைக் கழட்டாதீங்க. கேக்கிற நேரத்துல சாவி இல்லேன்னா உங்க ஃபைல் உங்களுக்கே பூட்டு.

நீங்களே கழட்டுறதா இருந்தா சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துட்டு செய்ங்க. ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம். எது எங்க இருந்ததுன்னு தாள்ல படம் வரைஞ்சு அதுமேலயே வைங்க. பழக்கமில்லேன்னா கடையில கொடுங்க, பக்கத்துல உக்காந்திருங்க. பழைய டிஸ்க்கை மறக்காம கேட்டு வாங்கிட்டு வாங்க.

15.
ஏன் பழைய டிஸ்க்கை வாங்கணும்? டிலீட் பண்ணினது அழியல, ஃபார்மட் பண்ணினதும் பெரும்பாலும் அழியல. மோர்கன் ஸ்டான்லிங்கிற பெரிய அமெரிக்க நிதி நிறுவனம் பழைய டிஸ்க்குகளைச் சரியா அழிக்காம வெளிய விட்டதுல வாடிக்கையாளர் விவரம் போய், 2022-ல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டினாங்க. நம்மகிட்ட அவ்வளவு பணம் இல்ல, ஆனா மானம் இருக்கு. யாருக்கு என்ன நோய்ங்கிறது ஊருக்குத் தெரிஞ்சா அந்த ஊர்ல டாக்டர் எப்படி முழிக்கிறது? உங்க டிஸ்க்கில் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் எல்லாம் இருக்கும்.

டிஸ்க் நல்லா இருந்தா முழுசா ஒருதடவை மேலெழுதி அழிச்சிட்டு, சில நூறு ரூபாய் உறை ஒண்ணுல போட்டு வெளி டிஸ்க்கா பயன்படுத்துங்க. செத்ததுன்னா உடைச்சிருங்க. லேப்டாப் டிஸ்க்கோட தகடு பல நேரம் கண்ணாடி. சுத்தியலால அடிச்சா சில்லு சில்லா தெறிக்கும். துணியில சுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுட்டு அடிங்க. கண்ணுல சில்லோட என்கிட்ட வராதீங்க.

16.
கடைசியா, இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். எந்த டிஸ்க் வாங்கினாலும் அதுவும் ஒருநாள் சாகும். எஸ்.எஸ்.டி டக் டக்ன்னு சொல்லிட்டுக் கூடப் போகாது, பட்டுன்னு போயிரும். அதனால 3-2-1: மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல.

காப்பியை எஸ்.எஸ்.டி-யில எடுத்து வருஷக்கணக்கா பீரோவுல பூட்டி வைக்காதீங்க. கரண்ட் இல்லாம சிப்புல உள்ளது மெல்ல மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முடிஞ்ச எஸ்.எஸ்.டி, 30 டிகிரியில் கரண்ட் இல்லாம 1 வருஷம் தாங்கினா போதும்ங்கிறதுதான் ஜெடெக் தரநிலை. புதுசு இன்னும் அதிகம் தாங்கும், ஆனா பீரோவுக்கு சுத்துற டிஸ்க்கே மேல். அதையும் ஆறு மாசத்துக்கு ஒருதடவை எடுத்து ஓட்டிப் பாருங்க.

காப்பி எடுத்ததும் அந்த டிஸ்க்கைப் பிடுங்கி வைங்க. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களில் ரான்சம்வேர் புகுந்தப்போ, நாட்டோட பெரிய ஆஸ்பத்திரியே பல நாள் கையால எழுதி ஓட்டுச்சு. எப்பவும் செருகியே இருக்கிற காப்பியையும் அது சேர்த்துப் பூட்டிரும்.

17.
வேற ஊர்ல ஒண்ணு எதுக்குன்னு குமரிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? 2017 நவம்பர் 30, ஒக்கி. கம்பமும் மரமும் ஆயிரக்கணக்குல சாய்ஞ்சு நாள்கணக்கா கரண்ட் இல்ல, கூரை போச்சு, வீட்டுக்குள்ள தண்ணி. லேப்டாப்பும் காப்பியும் ஒரே அலமாரியில இருந்தா ரெண்டும் சேர்ந்துதான் நனையும். திருவனந்தபுரத்துல இருக்கிற தங்கச்சி வீட்ல ஒண்ணு, இல்லேன்னா கடவுச்சொல் போட்டு கிளவுடில் ஒண்ணு. போதும்.

18.
சுருக்கமா, ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறவங்களுக்கு:

• முதல்ல காப்பி, அப்புறம் கடை.
• மாடல் எண் பாத்து, சாட்டாவா என்.வி.எம்.இ-யான்னு உறுதி பண்ணுங்க.
• 500 ஜி.பி., டி.எல்.சி, 5 வருஷ வாரண்டி, பில்.
• நம்ப முடியாத விலைன்னா நம்பாதீங்க. வந்ததும் சோதிச்சுப் பாருங்க.
• பிட்லாக்கர் சாவியைத் தாள்ல எழுதி வைங்க.
• பழைய டிஸ்க் உங்க கையில திரும்பி வரணும்.
• பிடுங்கி வச்ச காப்பி ஒண்ணு, வேற ஊர்ல ஒண்ணு.

புது லேப்டாப்புக்குன்னு வட்டிக்கு வாங்க நிக்கிற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க. அந்தப் பணம் பிள்ளை ஃபீஸுக்கு ஆகும்.